காலி சொல்பவர்

தரகர்: மேல ஏறுங்க, ஒரே வார்த்தை சொல்லுங்க, இறங்கி வாங்க. அஞ்சு நிமிஷ வேலை சார்.

வீட்டுக்காரர்: நீங்களே சொல்லிடுங்களேன்.

தரகர்: நான் சொன்னா அது வம்பு. நீங்க சொன்னாத்தான் நோட்டீஸ். வீடு உங்களுது.

வீட்டுக்காரர்: ம்.

தரகர்: கீழ் வீடு ஏற்கெனவே காலி. மேல் வீடு எந்தத் தேதியில காலியாகும்னு வாங்குற பார்ட்டிக்குத் தெரியணும். இன்னைக்கு ஆறு மணிக்குள்ள தேதி வேணும்னுட்டார்.

வீட்டுக்காரர்: ஆளோட வாங்கிக்க மாட்டாராமா? கண்டக்டர் ஒழுங்கா வாடகை குடுக்கிறவர்.

தரகர்: நானும் கேட்டுப் பாத்தேன். யாரோ உக்காந்திருக்கிற நாற்காலியை எவனாவது வாங்குவானாங்கிறார். அடுத்த தெருவுல இன்னொரு வீடு பாத்து வெச்சிருக்கார். ஆறு அடிச்சு ஒரு நிமிஷம் ஆனா அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவார். அப்புறம் இந்த வீட்டை நீங்களும் நானும் பாத்துட்டு உக்காந்திருக்கணும்.

வீட்டுக்காரர்: விக்கிறதுக்கு முன்னாடி வேலை எதுவும் பாக்க வேண்டாமா? மேல பாத்ரூம் செவுரு ஊறிப்போயிருக்கு.

தரகர்: விக்கிற வீட்டுக்கு வைத்தியம் பாக்காதீங்க சார். பவுடர் போடுங்க.

வீட்டுக்காரர்: சமையக்கட்டு ரொம்பப் பழசு.

தரகர்: இருக்கட்டுமே. நீங்க உடைச்சுப் புதுசா போடுவீங்க. வாங்குறவர் வீட்டம்மா வந்து, இந்தக் கலர் எனக்குப் புடிக்கலைம்பாங்க. மறுபடி உடைப்பாங்க. ஒரே சமையக்கட்டை ரெண்டு பேர் கட்டணுமா? குழாய் சொட்டக் கூடாது. ஸ்விட்ச் போட்டா லைட் எரியணும். கதவு முனகக் கூடாது. வாங்க வர்றவங்க இந்த மூணைத்தான் தொட்டுப் பாப்பாங்க.

வீட்டுக்காரர்: செவுத்து ஈரம்?

தரகர்: அது மேல பெயிண்ட். ஆறு மாசம் தாங்கும்.

வீட்டுக்காரர்: அப்புறம்?

தரகர்: அப்புறம் அது அவர் வீடு.

வீட்டுக்காரர்: அவர்கிட்ட சொல்லிடணும்.

தரகர்: சொல்லுங்க, யார் வேண்டாம்னது. கையெழுத்து ஆனப்புறம் சொல்லுங்க.

வீட்டுக்காரர்: முன்னாடியே சொல்லணும்.

தரகர்: உங்களை மாதிரி இன்னும் ரெண்டு பேர் விக்க வந்தா நான் வேற தொழில் பாக்கணும் சார். சரி, சொல்லிக்கோங்க. குழாயையாவது சரி பண்ணுங்க. உங்க ப்ளம்பர் யாரு?

வீட்டுக்காரர்: தெரியல.

தரகர்: நம்பர் இல்லையா?

வீட்டுக்காரர்: என் வொய்ஃப் போன்ல இருக்கு. அதைத் திறக்கிற நம்பர் எனக்குத் தெரியாது.

தரகர்: அவங்கதான் எல்லாத்தையும் பாத்துக்கிட்டாங்களோ?

வீட்டுக்காரர்: ஆமா. வாடகை, ரிப்பேர், எல்லாம். எனக்கு இந்த வீட்டுல மெயின் ஸ்விட்ச் எங்க இருக்குன்னு கூடத் தெரியாது.

தரகர்: அவங்க போய் எத்தனை மாசம் ஆச்சு சார்?

வீட்டுக்காரர்: எட்டு.

தரகர்: ம்... சின்ன வயசு. சரி, அந்த வாடகைப் பத்திரத்தைக் குடுங்க. எத்தனை நாள் டைம் குடுக்கணும்னு பாத்துடலாம். ரெண்டு மாசம்... சரி. இது என்ன சார்... 'வீட்டைக் காலி சொல்பவரே வெள்ளையடித்து, பழுது பார்த்துத் தர வேண்டும்.' காலி சொல்பவரா?

வீட்டுக்காரர்: டைப் அடிச்சவர் தப்பு. 'செய்பவர்'னு இருக்கணும்.

தரகர்: பாக்காமயே கையெழுத்துப் போட்டீங்களா?

வீட்டுக்காரர்: பாத்துட்டுத்தான். நான் மாத்தச் சொன்னேன். என் வொய்ஃப் இதுவே இருக்கட்டும்னுட்டா. கண்டக்டரும் சிரிச்சுக்கிட்டே போட்டுட்டார்.

தரகர்: அப்போ யாரு மொதல்ல காலின்னு வாயைத் திறக்கிறாங்களோ, அவங்க தலையில வெள்ளையடிப்பு.

வீட்டுக்காரர்: ஆமா.

தரகர்: நாலு வருஷமா யாரும் சொல்லலையா?

வீட்டுக்காரர்: ரெண்டு பேரும் அதை ஒரு விளையாட்டா ஆக்கிட்டாங்க.

தரகர்: எந்த ரெண்டு பேரும்?

வீட்டுக்காரர்: அவளும் கண்டக்டரும்.

தரகர்: சார், இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா? வெள்ளையடிக்கிற செலவு விக்கிற விலையில எங்க தெரியப் போவுது? ரெண்டே எழுத்து. போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் கீழயே நிக்கிறேன்.

வீட்டுக்காரர்: அவர் சொல்ல மாட்டாரா?

தரகர்: எவர்?

வீட்டுக்காரர்: கண்டக்டர். அவரே... போறேன்னு.

தரகர்: அவர் எதுக்கு சார் போறார்... அவருக்கு இந்த வீடு உயிரு. அதனாலதான் சொல்றேன், நீங்கதான் சொல்லணும். மணி அஞ்சே கால். ஏறுங்க.

*

கண்டக்டர்: யாரு... அட, தம்பியா? வாங்க வாங்க. நிலை தாழ்வா இருக்கும், தலையைப் பாத்து... உங்க வீடுதான், உங்களுக்கே சொல்றேன் பாருங்க.

வீட்டுக்காரர்: நல்லா இருக்கீங்களா சார்?

கண்டக்டர்: சார் எதுக்கு? உங்க வீட்டம்மா மாமான்னுதான் கூப்பிடும். உக்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. இந்தா, யாரு வந்திருக்காங்கன்னு பாரு... தம்பி வந்திருக்கு. காபி போடு. என்னது? ...தூள் இல்லையாம் தம்பி. டீ குடிப்பீங்களா?

வீட்டுக்காரர்: ஒண்ணும் வேண்டாம் சார்.

கண்டக்டர்: காபித் தூள் டப்பா... முடிஞ்சுபோச்சு. நேத்தே முடிஞ்சுபோச்சு.

வீட்டுக்காரர்: ம்.

கண்டக்டர்: பாத்தீங்களா, நீங்க கூட சிரிக்கிறீங்க.

வீட்டுக்காரர்: சிரிக்கலையே.

கண்டக்டர்: சரி, சிரிக்கல. முப்பத்தஞ்சு வருஷம் பஸ்ல வாயாலயே பொழச்சவன் நான். இந்த வீட்டுக்கு வந்தப்புறம் ஒரு வார்த்தையை மட்டும் வாய்க்குள்ளயே பூட்டி வெச்சிருக்கேன். சிலிண்டர் தீந்துபோச்சுன்னுதான் சொல்லுவோம். தொட்டியில தண்ணி இல்லைன்னுதான் சொல்லுவோம். என் வீட்டுக்காரி தூக்கத்துல கூட உளற மாட்டா.

வீட்டுக்காரர்: அவ சொல்லியிருக்கா.

கண்டக்டர்: உங்க வீட்டம்மா லேசுப்பட்ட ஆளா? மாசாமாசம் ஒண்ணாந்தேதி வந்து இங்க, இதே இடத்துல உக்காந்து என் வாயைப் புடுங்கும். மாமா, பஸ்ல ஒரு ஆள் கூட இல்லைன்னா டிரைவர்கிட்ட என்ன சொல்லுவீங்க? நான், எல்லா சீட்டும் ஃப்ரீயா இருக்குன்னு சொல்லுவேம்பேன். அது விழுந்து விழுந்து சிரிக்கும். ஒரு தடவை மாட்டியிருப்பேன்... கா வரைக்கும் வந்துட்டேன் தம்பி. இருமிச் சமாளிச்சேன்.

வீட்டுக்காரர்: அதையும் சொன்னா.

கண்டக்டர்: எல்லாத்தையும் வந்து சொல்லிடுமோ?

வீட்டுக்காரர்: எல்லாத்தையும்.

கண்டக்டர்: ம்... சரி. அது போனப்புறம் இன்னைக்குத்தான் மொத மொத இங்க வர்றீங்க. வாடகையைக் கூட பேங்க்ல போடச் சொல்லிட்டீங்க. என்ன விஷயம் தம்பி? சும்மா வந்தீங்களா?

வீட்டுக்காரர்: சும்மாதான்... ஒரு விஷயம் சொல்லலாம்னு.

கண்டக்டர்: சொல்லுங்க.

வீட்டுக்காரர்: பாத்ரூம் செவுரு.

கண்டக்டர்: பாத்ரூம் செவுரா?

வீட்டுக்காரர்: ஊறிப்போயிருக்குல்ல. உடைச்சுத்தான் பாக்கணும். உள்ள பைப் போயிருக்கும்.

கண்டக்டர்: போயிருக்கும்.

வீட்டுக்காரர்: டைல்ஸ் எல்லாத்தையும் பேர்த்தெடுக்கணும். மூணு வாரம் ஆகும். ஒரு மாசம் கூட ஆகலாம்.

கண்டக்டர்: ஆகட்டும்.

வீட்டுக்காரர்: தண்ணி இருக்காது. காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் சத்தமா இருக்கும். தூசி வேற.

கண்டக்டர்: வேலைன்னு நடந்தா தூசி வராதா? நல்லா உடைங்க தம்பி.

வீட்டுக்காரர்: உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்.

கண்டக்டர்: எனக்கென்ன கஷ்டம்? நான் டீசல் புகையில பாதி ஆயுசைக் கழிச்சவன்.

வீட்டுக்காரர்: எங்க போய்க் குளிப்பீங்க?

கண்டக்டர்: கீழ் வீடு இருக்கே. அதுதான் மூணு மாசமா...

வீட்டுக்காரர்: மூணு மாசமா?

கண்டக்டர்: மூணு மாசமா சும்மா கிடக்குதே. அங்க போய்க் குளிச்சுட்டு வர்றோம். என்ன, நீங்களும் வாயைப் புடுங்குறீங்களா?

வீட்டுக்காரர்: இல்ல சார்.

கண்டக்டர்: உங்களுக்கு அந்த வித்தை வராது தம்பி. மூஞ்சியில தெரியுது.

வீட்டுக்காரர்: வாடகையும் கொஞ்சம் ஏத்தலாம்னு இருக்கேன்.

கண்டக்டர்: ஏத்துங்க. நாலு வருஷமா அதே வாடகை. நானே கேக்கணும்னு இருந்தேன்.

வீட்டுக்காரர்: ரெண்டு மடங்கு.

கண்டக்டர்: ரெண்டு மடங்கா?

வீட்டுக்காரர்: கஷ்டம்னா சொல்லிடுங்க.

கண்டக்டர்: நியாயமான வாடகைதான். தெருவுல எல்லாரும் அதான் வாங்குறாங்க. இந்தா, தம்பிக்குத் தண்ணியாவது கொண்டா... எனக்கும் ஒரு டம்ளர்.

வீட்டுக்காரர்: ஒரு நிமிஷம் சார், போன். ...ஹலோ. ஆமா, மேலதான் இருக்கேன். இல்ல. இன்னும் இல்ல. பேசிட்டு இருக்கோம்... டைல்ஸ் பத்தி. ஆமா, டைல்ஸ். தெரியும், மணி தெரியும். வெச்சிடறேன்.

கண்டக்டர்: யாரு தம்பி?

வீட்டுக்காரர்: ஆபீஸ்ல இருந்து.

கண்டக்டர்: ஆபீஸ்ல டைல்ஸா?

வீட்டுக்காரர்: ஆமா... அங்கயும் போடுறாங்க.

கண்டக்டர்: போடட்டும். தம்பி, நீங்களா வந்து இவ்வளவு பேசிட்டீங்க. எனக்கும் சில விஷயம் கேக்கணும். கூச்சமா இருக்கு.

வீட்டுக்காரர்: கேளுங்க.

கண்டக்டர்: பாத்ரூம்தான் உடைக்கிறீங்களே. அப்படியே வெஸ்டர்ன் டாய்லெட் ஒண்ணு. முட்டி மடங்க மாட்டேங்குது.

வீட்டுக்காரர்: வெச்சிடலாம்.

கண்டக்டர்: ஜன்னல் பூராவுக்கும் கொசுவலை.

வீட்டுக்காரர்: சரி.

கண்டக்டர்: சாதா வலை இல்ல. துருப்பிடிக்காத வலை.

வீட்டுக்காரர்: சரி சார்.

கண்டக்டர்: சமையக்கட்டு மேடையை ஒரு ஜாண் இறக்கணும். என் வீட்டுக்காரி குள்ளம். நாலு வருஷமா பலகை போட்டு நின்னு சமைக்கிறா.

வீட்டுக்காரர்: இறக்கிடலாம்.

கண்டக்டர்: என்ன தம்பி, கல்லை உடைக்கணும். கேஸ் லைன், சிங்க் பைப் எல்லாத்தையும் மாத்தணும். யோசிச்சுச் சொல்லுங்க.

வீட்டுக்காரர்: யோசிச்சுத்தான் சொல்றேன்.

கண்டக்டர்: மொட்டை மாடியில ஒரு ரூம்... என் மகள் வந்தா தங்குறதுக்கு.

வீட்டுக்காரர்: அஸ்திவாரம் தாங்குமான்னு பாக்கணும்.

கண்டக்டர்: தாங்காது.

வீட்டுக்காரர்: இன்ஜினியரைக் கேட்டுட்டு கட்டிடலாம்.

கண்டக்டர்: எதுக்குமே மாட்டேன்னு சொல்ல வராதா உங்களுக்கு? ஒரு வீட்டுக்காரர் மாதிரியா பேசுறீங்க? குடியிருக்கிறவன் இவ்வளவு கேட்டா, போய்யா உன் வேலையைப் பாத்துக்கிட்டுன்னு சொல்லணும் தம்பி.

வீட்டுக்காரர்: நீங்களும்தான். ரெண்டு மடங்கு வாடகைன்னா, வேற வீடு பாத்துக்கிறேன்னு சொல்லணும்.

கண்டக்டர்: அது எப்படிச் சொல்றது? இந்த வீடு எனக்கு உயிரு.

வீட்டுக்காரர்: அப்படித்தான் கேள்விப்பட்டேன்.

கண்டக்டர்: யார் சொன்னா?

வீட்டுக்காரர்: பொதுவா.

கண்டக்டர்: ...வேர்க்குதா தம்பி? ஃபேனை வேகமா வைக்கட்டுமா?

வீட்டுக்காரர்: வேண்டாம். சார்... திரைச்சீலை எல்லாம் எங்க?

கண்டக்டர்: துவைக்கப் போட்டிருக்கு.

வீட்டுக்காரர்: எல்லா ஜன்னலுமா?

கண்டக்டர்: ஒண்ணைத் துவைச்சா மத்தது அழுக்காத் தெரியும்.

வீட்டுக்காரர்: டிவி?

கண்டக்டர்: ரிப்பேர்.

வீட்டுக்காரர்: அந்தச் செவுத்துல ஃபோட்டோ நிறைய இருக்கும்னு சொல்லுவா. ஆணி மட்டும் இருக்கு.

கண்டக்டர்: ஃபோட்டோவுல கறையான். அதான் இறக்கி வெச்சிருக்கோம்.

வீட்டுக்காரர்: அந்த அட்டைப்பெட்டிக்குள்ளயா?

கண்டக்டர்: ஆமா.

வீட்டுக்காரர்: பதினொரு பெட்டி இருக்கு.

கண்டக்டர்: கறையான் ஜாஸ்தி தம்பி.

வீட்டுக்காரர்: ஒவ்வொரு பெட்டி மேலயும் எழுதியிருக்கே... 'சமையல்', 'துணி', 'உடையும்'.

கண்டக்டர்: என் வீட்டுக்காரிக்கு எதையும் எழுதி வெச்சாத்தான் தூக்கம் வரும். ...இரு இரு, நீ ஒண்ணும் பேசாதே, உள்ள போ. அவ ஒண்ணும் இல்ல தம்பி, டீ கேக்கிறா, வேணுமான்னு.

வீட்டுக்காரர்: அவங்க டீன்னு சொல்லலையே. 'சொல்லித் தொலைங்களேன்'னு சொன்ன மாதிரி இருந்துச்சு.

கண்டக்டர்: டீத்தூளைப் பத்தித்தான்.

வீட்டுக்காரர்: சார், உங்க போன் அடிக்குது.

கண்டக்டர்: அடிக்கட்டும், கம்பெனிக்காரன் எவனாவது லோன் வேணுமான்னு கேப்பான். நிக்க மாட்டேங்குதே... ஹலோ?

தரகர் (போனில்): கண்டக்டர் சார், சொல்லிட்டாரா?

கண்டக்டர்: ராங் நம்பர்.

தரகர் (போனில்): நான்தான் சார், உங்களுக்கு வீடு பாத்துக் குடுத்தவன். நீங்க வாயைத் திறக்காதீங்க. கொஞ்சம் பொறுங்க, அவரே சொல்லிடுவார். டைல்ஸ் கியில்ஸ்னு ஏதோ சுத்தி வளைச்சுப் பேசுறார். எப்படியும் ஆறு மணிக்குள்ள சொல்லியாகணும் அவருக்கு. அவர் சொல்லிட்டா உங்களுக்கு வெள்ளையடிக்கிற வேலை மிச்சம். புது வீட்டுச் சாவிதான் கையில இருக்கே, அப்புறம் என்ன அவசரம்?

வீட்டுக்காரர்: சார், ஸ்பீக்கர்ல இருக்கு.

கண்டக்டர்: எனக்குக் காது கொஞ்சம் மந்தம் தம்பி... எப்பவும் ஸ்பீக்கர்லதான் போட்டுப் பேசுவேன்.

வீட்டுக்காரர்: ஹலோ. நான்தான் பேசுறேன்.

தரகர் (போனில்): சார்... லைன் சரியில்ல சார். கட் ஆகுது.

வீட்டுக்காரர்: கீழதான் நிக்கிறீங்க. ஜன்னல்ல இருந்து தெரியுது.

தரகர் (போனில்): ...ரெண்டு பேருக்கும் நல்லதுன்னுதான் சார்.

வீட்டுக்காரர்: என்கிட்ட, கண்டக்டருக்கு இந்த வீடு உயிருன்னு சொன்னீங்க.

தரகர் (போனில்): உயிருதான் சார். உயிரு போனாலும் ஆள் போய்த்தானே ஆகணும்... மன்னிச்சுக்கோங்க சார், வேற அர்த்தத்துல சொன்னேன். பேச்சு வேகத்துல... வெச்சிடறேன்.

கண்டக்டர்: இவனை நான்...

வீட்டுக்காரர்: விடுங்க சார். வீடு எங்க பாத்திருக்கீங்க?

கண்டக்டர்: மகள் வீட்டுக்குப் பக்கத்துல. கீழ் வீடு. இங்க பத்தொன்பது படி தம்பி. எறங்கினா ஏற முடியல, ஏறினா எறங்க முடியல. சாவி வாங்கி ஒரு வாரம் ஆச்சு.

வீட்டுக்காரர்: ஒரு வாரமா?

கண்டக்டர்: இன்னைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போனைக் கையில எடுப்பேன். கீழ வெச்சிடுவேன். வெள்ளையடிக்கப் பயந்துக்கிட்டுன்னு நினைக்காதீங்க. ஆளு வெச்சா ரெண்டு நாள் வேலை.

வீட்டுக்காரர்: நான் அப்படி நினைக்கல.

கண்டக்டர்: கொஞ்சம் அதுவும்தான். பொய் சொல்லக் கூடாது. நாலு வருஷமா தோக்காத ஆட்டம், கடைசியில தோக்கணுமான்னு ஒரு வீம்பு. ஆனா அது மட்டும் இல்ல. அந்தப் பொண்ணு போய் எட்டு மாசம் ஆவுது. நாங்களும் போறோம்னு உங்ககிட்ட எந்த வாயால சொல்றது? நீங்களா போகச் சொல்லிட்டா, சரி, போகச் சொன்னாங்க, போனோம்னு இருக்கும். என் வீட்டுக்காரி ஒரு வாரமா என்னைத் தின்னுட்டா. அவளும் சொல்ல மாட்டாளாம், நான்தான் சொல்லணுமாம்.

வீட்டுக்காரர்: அவரு உங்களுக்கு வீடு பாக்கும்போதே நான் விக்கப் போறேன்னு சொல்லிட்டாரா?

கண்டக்டர்: எல்லாத்தையும் சொல்லிட்டான். பார்ட்டி, தேதி, ஆறு மணி. உங்ககிட்ட ஒரு கமிஷன், எங்கிட்ட ஒரு கமிஷன். ஒரே பஸ்ல போற ரெண்டு பேருக்குத் தனித்தனியா ஸ்பெஷல் பஸ்ஸுன்னு சொல்லி டிக்கெட் கிழிச்சிருக்கான். நான் கூட இப்படிச் செஞ்சதில்ல தம்பி.

வீட்டுக்காரர்: அப்போ அந்த மாடி ரூம்?

கண்டக்டர்: உங்களைக் கோபப்படுத்தலாம்னு பாத்தேன். நீங்க கோபமே பட மாட்டேங்கிறீங்க. ரெண்டு மடங்கு வாடகை?

வீட்டுக்காரர்: உங்களைக் கோபப்படுத்தலாம்னு.

கண்டக்டர்: எனக்கு நெஞ்சு அடைச்சுப்போச்சு. நியாயமான வாடகைன்னு வேற சொல்லித் தொலைச்சேன். ...மணி என்ன?

வீட்டுக்காரர்: அஞ்சு அம்பது.

கண்டக்டர்: பத்து நிமிஷம் இருக்கு. போனை எடுங்க. மாசக் கடைசின்னு தேதி சொல்லுங்க. அதுக்குள்ள நாங்க சாமானை எறக்கிடுவோம். பார்ட்டி கையை விட்டுப் போயிடப் போறார்.

வீட்டுக்காரர்: ம்.

கண்டக்டர்: பத்திரத்தைக் கிழிச்சுப் போடுங்க. வெள்ளை நானே அடிச்சுத் தர்றேன். செவுத்து ஈரத்தையும் அந்த ஆள்கிட்ட நானே கூட்டிட்டுப் போய்க் காமிக்கிறேன், உங்களுக்குக் கஷ்டம்னா. சொல்லுங்க, எப்ப காலி...

வீட்டுக்காரர்: சார்.

கண்டக்டர்: பாருங்க, நானே சொல்லிட்டேன். போச்சு. நான் தோத்தேன், முடிஞ்சுது. இப்ப உங்களுக்கு என்ன தடை? தரகருக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க. ...தம்பி? எனக்குத்தான் சொல்லக் கூச்சம். ஒரு காரணம் இருந்துச்சு. நீங்க ஏன் சொல்லல? ஆறு மணின்னு தெரிஞ்சும் டைல்ஸ், கொசுவலைன்னு உக்காந்திருக்கீங்க. நாலு டப்பா பெயிண்ட்டுக்காகவா?

வீட்டுக்காரர்: பெயிண்ட்டுக்கு இல்ல.

கண்டக்டர்: பின்ன? விக்க மனசு இல்லையா?

வீட்டுக்காரர்: விக்கணும். எனக்கு வீட்டைப் பாத்துக்க வராது.

கண்டக்டர்: பின்ன என்ன தம்பி?

வீட்டுக்காரர்: ஆஸ்பத்திரியில ஒருத்தர் அவ கட்டில் பக்கத்துலயே நின்னுட்டு இருந்தார். அவங்க அம்மாவுக்கு இடம் இல்லாம வராந்தாவுல படுக்க வெச்சிருந்தாங்க. என்கிட்ட, இந்தக் கட்டில் எப்ப சார் காலியாகும்னு கேட்டார்.

கண்டக்டர்: அடப்பாவி... அந்தப் பொண்ணு முன்னாடியேவா?

வீட்டுக்காரர்: முழிச்சுத்தான் இருந்தா. என்னைப் பாத்து உதட்டுல விரலை வெச்சா. சொல்லாதேன்னு. சிரிச்சா. மறுநாள் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு டாக்டர் சொல்லியிருந்தார். அந்த அம்மாவைப் பாத்தா பாவமா இருந்துச்சு. நாளைக்குக் காலையில காலியாயிடும்னு சொல்லிட்டேன்.

கண்டக்டர்: தம்பி...

வீட்டுக்காரர்: அவருக்குக் காலை வரைக்கும் காத்திருக்க வேண்டி வரல சார்.